நாகராணி கலியாணத்தைக் குழப்பிய நாள்

அந்த நாடகத்தில் இரண்டு நாகக் குடும்பங்கள். ஒன்று மலையில் அரசாள்கிறது, மற்றது ஏரிக்கு அடியில். இரண்டும் ஒரே வயிற்றில் பிறந்தவர்களின் வழிவந்தவைதான். மலையரசி ஏரியரசியின் கைக்குழந்தையைக் கல்லாக்கிவிடுவாள். ஏரியரசி பழிவாங்குவதாகச் சத்தியம் செய்வாள். ஒரு பிறவியில் தீராமல் அடுத்த பிறவி, அதிலும் தீராமல் அதற்கடுத்தது என்று கதை போய்க்கொண்டிருந்தது. இந்தியாவில் எங்கோ எடுத்த நாடகத்துக்குத் தமிழில் குரல் கொடுத்திருந்தார்கள். வசனம் முடிந்த பிறகும் வாய்கள் அசைந்துகொண்டிருக்கும். யாராவது கோபப்பட்டால் மூன்று தடவை மின்னல் அடிக்கும். ஒவ்வொரு மின்னலுக்கும் அறையில் நிற்கிற எல்லோருடைய முகத்தையும் ஒருமுறை காட்டுவார்கள்.

நான் அதை இருந்து பார்த்ததில்லை. ஆனால் உடுவிலில் எங்கள் வீடு சின்னது, ஹோலில் போட்டால் குசினியில் கேட்கும். கந்தோரில் வேலை முடிந்து வந்து இரவுச் சாப்பாட்டுக்கு மாக் குழைத்தபடி, காதாலேயே அந்தக் கதை முழுவதையும் அறிந்து வைத்திருந்தேன். என் கணவருக்கு வவுனியாவில் வேலை, சனி ஞாயிறில்தான் வருவார். மற்ற நாட்களில் நானும் அம்மாவும்தான்.

அம்மாவோடு சேர்ந்து பார்க்க மாமி வருவார். மாமி என்றால் அப்பாவின் தமக்கை. அப்பா இறந்து பல வருடங்களாகிவிட்டன. மாமியும் அவருடைய ஒரே மகளும் தென்மராட்சியில் இருந்தவர்கள். அந்த மகளை நான் மச்சாள் என்றுதான் கூப்பிடுவேன். என்னைவிட ஒன்பது வயது மூத்தவர், பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் படிப்பிக்கிறார், கலியாணம் செய்யவில்லை. இந்தப் பக்கம் மாற்றம் கிடைத்ததும் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு ஒழுங்கை தள்ளி வீடு எடுத்து, தாயையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். பின்னேரம் ஏழரைக்கு ஸ்கூட்டரில் மாமியைக் கொண்டுவந்து இறக்குவார். நாடகம் முடிகிற நேரத்துக்கு வந்து ஏற்றிக்கொண்டு போவார். போகுமுன் குசினிக்குள் வந்து ஐந்து நிமிடம் என்னோடு கதைப்பார். எனக்கு அந்த ஐந்து நிமிடம் வேண்டும். எனக்கு வேறு சிநேகிதிகள் இல்லை.

நாடகத்தில் அம்மா ஏரியரசியின் பக்கம், மாமி மலையரசியின் பக்கம். விளம்பரம் போகிற நேரமெல்லாம் வழக்குப் பேசுவார்கள். "உவள் தன்ரை பிள்ளைக்காகச் செய்யிறாள்" என்பார் அம்மா. "எத்தினை பிறவிக்கு? ஒரு அளவில்லையோ?" என்பார் மாமி. நான் மாவைக் குழைத்துக்கொண்டு சிரிப்பேன். இரண்டு கிழவிகளுக்கு நல்ல பொழுதுபோக்கு என்று கந்தோரில்கூடச் சொல்லியிருக்கிறேன்.

அம்மாவுக்கும் மாமிக்கும் இடையில் பழைய மனத்தாங்கல் ஒன்று இருந்தது எனக்குத் தெரியாததல்ல. சண்டையில் எங்கள் வலிகாமப் பகுதி முழுவதும் ஒரே இரவில் இடம்பெயர்ந்து தென்மராட்சிப் பக்கம் நடந்தபோது எனக்கு ஒன்பது வயது. அம்மாவின் கையில் பிறந்து பதினெட்டு நாளான குழந்தை. மழையில் நடந்து மாமி வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தோம். அங்கே மாமியின் புருசனுடைய ஆட்கள் முதலே வந்து நிறைந்திருந்தார்கள். ஒரு அறை மட்டும் பூட்டிக் கிடந்தது. மாமி வாசலில் நின்று, "துடக்கோடை உள்ளுக்கை எடுக்கேலாது, இவரின்ரை ஆக்கள் சுவாமியறையிலை படுத்திருக்கினம்" என்றார். பிள்ளை பெற்றவளுக்கு முப்பத்தொரு நாள் துடக்கு என்ற தீட்டு. அதனால் எங்களை வண்டில் கொட்டிலில் விட்டார்கள். கொட்டில் ஒழுகியது. இரண்டு இரவுகள் அங்கே கிடந்துவிட்டு, மூன்றாம் நாள் அப்பா எங்களைப் பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். அந்த மண்டபத்தில் நூறு குடும்பம் இருந்திருக்கும். குழந்தைக்குச் சளி பிடித்து, காய்ச்சலாகி, பிறந்த இருபத்தாறாம் நாள் இறந்துபோயிற்று.

இதை வீட்டில் ஒருவரும் கதைப்பதில்லை. பிறகு வந்த வருடங்களில் நல்லது கெட்டதுக்கு அம்மாவும் மாமியும் போய்வந்தார்கள், சாப்பாடு கொடுத்து வாங்கினார்கள். மாமி இங்கே குடிவந்தபோது, நாடகம் பார்க்க வரச்சொல்லிக் கூப்பிட்டதே அம்மாதான். எல்லாம் ஆறிவிட்டது என்று நான் நினைத்திருந்தேன்.

அன்று நல்ல மழை. மச்சாள் மாமியை இறக்கிவிட்டுத் திரும்பிப் போகாமல், கதவடியில் கதிரையைப் போட்டு, பிள்ளைகளின் கொப்பிகளை மடியில் வைத்துத் திருத்திக்கொண்டிருந்தார். நான் குசினியில் இடியப்பம் பிழிந்துகொண்டிருந்தேன். நாடகத்தில் மலையரசியின் மகளுக்குக் கலியாணம். ஏரியரசி துறவி வேடத்தில் மாப்பிள்ளையின் அரண்மனைக்குப் போய், பெண்ணின் இரத்தத்தில் நஞ்சு இருக்கிறது என்று எழுதிய ஓலை ஒன்றைக் கொடுத்துவிட்டு மறைந்துவிட்டாள். மாப்பிள்ளை வீட்டார் பாதி வழியில் தேரைத் திருப்பினார்கள். மணவறையில் பெண் தனியே இருந்தாள். சோகப் பாட்டு ஒன்று வந்தது.

மாமி மூக்கைச் சிந்துகிற சத்தம் எனக்குக் கேட்டது. நாடகத்துக்கு மாமி அழுவது புதிதல்ல. அன்று வழக்கத்தைவிடக் கூடுதலாக அழுதார்.

"பாவம் அந்தப் பிள்ளை," என்றார் மாமி. "அது என்ன செய்தது?"

"அந்தக் குழந்தை என்ன செய்தது?" என்றார் அம்மா.

"அது வேறை, இது வேறை."

"என்ன வேறை?"

"கோபமெண்டால் நேரை போய் அவளோடையெல்லோ பிடிபட வேணும்? ஒரு குமர்ப்பிள்ளையின்ரை கலியாணத்தைக் குழப்புறவள் மனிசியே? உப்பிடியும் ஒருத்தி செய்வாளோ?"

"செய்வாள்."

"நாடகத்திலை செய்வாள்."

"நான் செய்தனான் அக்கா," என்றார் அம்மா.

அம்மா அதைச் சத்தமாகச் சொல்லவில்லை. கடையில் சீனி முடிந்துவிட்டது என்று சொல்வதுபோலத்தான் சொன்னார். அதனால் எனக்கு உடனே விளங்கவில்லை. மாமிக்கும் விளங்கவில்லை என்றுதான் நினைக்கிறேன். "என்ன?" என்று கேட்டார்.

"உங்கடை மகளுக்கு லண்டனிலை பேசின கலியாணம். அதைக் குழப்பினது நான்தான். மாப்பிள்ளைக்கு மொட்டைக் கடிதம் போட்டனான்."

நான் இடியப்ப உரலைக் கையில் பிடித்தபடியே ஹோலுக்கு வந்தேன். அம்மாவுக்கு வயது அறுபத்தாறு. மறதி வருகிற வயதில்லை. ஆனாலும், இவ்வளவு காலமும் நாடகம் பார்த்துப் பார்த்து அம்மாவுக்குக் கதையும் வாழ்க்கையும் கலந்துவிட்டது என்பதுதான் எனக்கு முதலில் தோன்றிய எண்ணம். அதைத் தவிர வேறொன்றை எண்ண என் மூளை இடம் கொடுக்கவில்லை.

"அம்மா, விசர்க் கதை கதையாதையுங்கோ," என்றேன்.

அம்மா என் பக்கம் திரும்பினார். "எனக்கு விசர் இல்லை. விலாசம் எழுதித் தந்தது நீதானே."

உரலின் துளைகளிலிருந்து மா துண்டு துண்டாக நிலத்தில் விழுவதைத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்த உறை ஞாபகத்துக்கு வந்தது. ஓரத்தில் சிவப்பும் நீலமுமாகக் கோடு போட்ட எயார்மெயில் உறை. நான் அப்போது ஒன்பதாம் வகுப்பு. அப்பா வேலைக்குப் போயிருந்தார். அம்மா ஒரு துண்டுக் கடதாசியைக் கொண்டுவந்து, "இந்த விலாசத்தை இங்கிலீசிலை வடிவா எழுதித் தா பிள்ளை, என்னோடை படிச்சவ ஒராளுக்குக் கடிதம்" என்றார். என் எழுத்து வடிவானது. எழுதிக் கொடுத்தேன். உறை முதலே ஒட்டியிருந்தது. பெயரை நான் கவனித்திருப்பேன், ஆண்பிள்ளையின் பெயர்தான். அம்மாவின் சிநேகிதியின் புருசனாக்கும் என்று நினைத்திருப்பேன், அல்லது ஒன்றும் நினைக்காமலே விட்டிருப்பேன்.

மச்சாளின் கையில் சிவப்புப் பேனை அப்படியே நின்றது. அவர் அம்மாவைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

"நீ எழுதினது விலாசம் மட்டுமோ?" என்று கேட்டார்.

"விலாசம் மட்டும்தான் மச்சாள். உள்ளுக்கை என்ன இருந்தது எண்டு எனக்குத் தெரியாது."

அவர் பேனையை மூடினார். அந்தக் கேள்வியை ஏன் அவர் எல்லாவற்றுக்கும் முதலில் கேட்டார் என்பது எனக்கு அப்போது விளங்கவில்லை.

"என்ன எழுதினனீ?" என்று மாமி அம்மாவிடம் கேட்டார்.

"பிள்ளைக்கு வலிப்பு இருக்கெண்டு."

"அது உனக்கு ஆர் சொன்னது?" மாமியின் குரல் அப்போதுதான் உயர்ந்தது. "எங்கடை வீட்டுப் படலையைத் தாண்டி அந்தக் கதை போகேல்லை. அவள் குளிசை போட்டதுகூட ஒருத்தருக்கும் தெரியாது. ஆர் சொன்னது?"

பதில் எனக்குத் தெரியும். பள்ளிக்கூட மண்டபத்தில் இருந்த நாட்களில் மச்சாள் தாய்க்குத் தெரியாமல் எங்களைப் பார்க்க வருவார். அப்போது அவருக்குப் பதினெட்டு வயது. குழந்தைக்குப் பால்மாவும் சுடுதண்ணீரும் கொண்டுவருவார். குழந்தை செத்த பிறகும் வந்தார். என்னை வெளியே கூட்டிக்கொண்டு போய்க் கிணற்றடியில் இருத்தி, ஆங்கில எழுத்து எழுதப் பழக்குவார். ஒருநாள் அந்தக் கிணற்றடியில் விழுந்தார். கை கால் இழுத்தது, வாயில் நுரை வந்தது. நான் அவருடைய தலையைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். கொஞ்ச நேரத்தில் எழுந்து முகத்தைக் கழுவிவிட்டு, "இதை ஒருத்தருக்கும் சொல்லாதை, சரியோ?" என்றார். தலையாட்டினேன். அன்று பின்னேரமே, பயத்தில், அம்மாவிடம் சொல்லிவிட்டேன்.

மச்சாள் கொப்பிகளை அடுக்கிக் கதிரையில் வைத்துவிட்டு எழுந்தார். அவருக்கு மாமி முறையான என் அம்மாவுக்கு முன்னால் வந்து நின்றார்.

"நான் பால்மா கொண்டுவந்து தந்தனான் மாமி," என்றார்.

"ஓம். நீதான் கொண்டுவந்தனீ," என்றார் அம்மா.

"அதை மறந்துபோட்டோ எழுதினனீங்கள்?"

"இல்லை. மறக்கேல்லை."

மச்சாள் தாயின் கையைப் பிடித்து எழுப்பினார். மாமி எழுந்து, செருப்பைத் தேடி, பிழையான காலில் ஒன்றை மாட்டி, திரும்பவும் கழற்றி மாட்டினார். மழைக்குள் இருவரும் ஸ்கூட்டரில் போனார்கள். கொப்பிகள் கதிரையிலேயே கிடந்தன. விளம்பரம் முடிந்து நாடகம் திரும்பவும் தொடங்கி, யாரும் பார்க்காமலே முடிந்தது.

அன்றிரவு அம்மா எப்போதும்போலச் சாப்பிட்டார். ஐந்து இடியப்பம். சம்பலில் உப்புக் காணாது என்றும் சொன்னார். எனக்கு அதுதான் தாங்கமுடியாமல் இருந்தது. எதிரில் இருந்து அந்த வாயையும் கையையும் பார்த்துக்கொண்டிருந்தேன். என்னைப் பெற்று வளர்த்தவர், காய்ச்சல் வந்தால் விடிய விடிய நெற்றியில் துணி போட்டவர், பக்கத்து வீட்டுக் கோழி அடைகாத்தால்கூட அந்தப் பக்கம் சத்தம் போடாதே என்று சொல்கிறவர். எந்த மேசையில் இருந்து எழுதினார்? எழுதி முடித்ததும் அன்றைக்கு என்ன சமைத்தார்?

மறுநாள் காலையில் கேட்டேன். "இவ்வளவு காலமும் சொல்லாமல் இருந்திட்டு ஏன் இப்ப சொன்னனீங்கள்?"

அம்மா தேத்தண்ணியை ஆற்றிக்கொண்டே சொன்னார். "அக்கா அழுதவ. அந்தப் பெட்டையைப் பாத்து, சீலைத் தலைப்பாலை முகத்தைத் துடைச்சுத் துடைச்சு அழுதவ. ஆரோ காசுக்கு நடிக்கிறவளுக்கு. என்ரை பிள்ளையை மண்ணுக்கை தாட்ட அண்டைக்கு அவ வந்து தள்ளி நிண்டவ. ஒரு சொட்டுக் கண்ணீர் விடேல்லை."

"அதுக்கு மச்சாள் என்னம்மா செய்தவ?"

"ஒண்டும் செய்யேல்லை. அவ நல்ல பிள்ளை." அம்மா தேத்தண்ணியைக் குடித்தார். "அக்காவுக்கு நோகப் பண்ண வேறை என்ன இருந்தது என்னட்டை?"

இடக்கையால் எழுதினாராம், எழுத்துத் தெரியக்கூடாதென்று. மாப்பிள்ளையைப் பற்றி லண்டனில் விசாரிக்கச் சொல்லி மாமி அப்பாவிடம் கொடுத்திருந்த விலாசத் துண்டை, சேட்டுப் பொக்கற்றிலிருந்து எடுத்தாராம். அப்பாவுக்குக் கடைசிவரை தெரியாது. கடிதம் போய்ச் சேர்ந்ததோ, அதனால்தான் குழம்பியதோ என்பது அம்மாவுக்கும் நிச்சயமில்லை. சாதகம் பொருந்தவில்லை என்றுதான் எல்லோருக்கும் சொல்லப்பட்டது.

கணவருக்குத் தொலைபேசியில் சொன்னேன். "உண்மையாவோ?" என்று மட்டும் கேட்டார்.

சனிக்கிழமை கொப்பிக் கட்டைத் தூக்கிக்கொண்டு மச்சாள் வீட்டுக்குப் போனேன். சுன்னாகம் சந்தைக்குப் போய்வந்து வெங்காயத்தைப் பரப்பிக் காயவிட்டுக்கொண்டிருந்தார். மாமி அறைக்குள் படுத்திருந்தார், கதவு சாத்தியிருந்தது. மச்சாள் கொப்பிகளை வாங்கி உள்ளே வைத்துவிட்டு, அலுமாரியிலிருந்து ஒரு கடித உறையைக் கொண்டுவந்து என் மடியில் போட்டார்.

என் எழுத்து. பதினான்கு வயது எழுத்து. கீழே வாலைச் சுழித்து விடுகிற அந்த ஆங்கில எழுத்துகள்.

"சாதகத்தைத் திருப்பி அனுப்பேக்கை மாப்பிள்ளையின்ரை தமக்கை இதையும் வைச்சு அனுப்பினவ," என்றார் மச்சாள். "அம்மா காண முதல் நான் எடுத்திட்டன். பொருத்தமில்லையாம் எண்டு அம்மாட்டைச் சொன்னன். அவவுக்கு அண்டைக்கு உங்கடை வீட்டிலைதான் தெரியும்."

"அப்ப உங்களுக்கு..."

"எழுத்துத் தெரியாதோ எனக்கு? நான் பழக்கின எழுத்து. நான் விழுந்ததைக் கண்டதும் நீ ஒராள்தான். உள்ளுக்கை கோணல் எழுத்து. நீதான் மாத்தி எழுதியிருக்கிறாய் எண்டு நினைச்சன்."

இருபத்தைந்து வருடம். அந்த உறையை அலுமாரிக்குள் வைத்துக்கொண்டு இந்த மனிசி என் கலியாணத்துக்கு என் தலைக்குப் பூ வைத்தார். என் குசினியில் நின்று என்னோடு சிரித்தார். நான் குற்றவாளி என்று நினைத்துக்கொண்டே.

"ஏன் என்னட்டைக் கேக்கேல்லை?" என்றேன்.

"முதல் ரெண்டு வருசம் உன்னோடை கதைக்கேல்லை. நீ கவனிக்கேல்லையோ?"

கவனித்திருந்தேன். மன்னாரில் அவருக்கு முதல் நியமனம் கிடைத்த காலம் அது. தூரம் என்றுதான் நினைத்தேன்.

"பிறகு உன்ரை அப்பா செத்த வீட்டிலை நீ என்னைக் கட்டிப்பிடிச்சு அழுதாய். அண்டைக்கு எனக்கு உன்னைத் தள்ளிவிட ஏலாமல் போச்சு." வெங்காயத்தைக் கையால் பிரித்துப் பரப்பினார். "அதுக்குப் பிறகு நானே ஒரு காரணம் கண்டுபிடிச்சன். நான் லண்டனுக்குப் போயிடுவன் எண்ட பயத்திலை எழுதியிருக்கிறாய் எண்டு. பதினாலு வயசுப் பிள்ளைக்கு அதுக்கு மேலை என்ன தெரியும்? என்னை விட ஏலாமல் செய்தது எண்டு நினைச்சால் கோபம் வரேல்லை. கொஞ்சம் சந்தோசமாக்கூட இருந்தது. உலகத்திலை ஒராளுக்கு என்னிலை அவ்வளவு விருப்பம் எண்டு."

காலடிக்கு உருண்டு வந்த வெங்காயம் ஒன்றை எடுத்து அவருக்குப் பக்கத்தில் வைத்தேன்.

"இப்ப அதுவும் இல்லை எண்டு தெரிஞ்சுபோச்சு," என்றார்.

அம்மாவின் கடிதத்தைவிட, என் பெயருக்கு நேர்ந்த பழியைவிட, அந்தச் சொல்தான் என்னை அதிகம் திகைக்க வைத்தது. என்ன சொல்வது? இல்லை மச்சாள், எனக்கும் விருப்பம்தான் என்று சொல்லலாம். அது உண்மையும்கூட. ஆனால் அந்த நேரம் அதைச் சொன்னால் பொய்போலத்தான் இருந்திருக்கும். அதனால் உண்மையான இன்னொன்றைச் சொன்னேன்.

"நீங்கள் விழுந்ததை அம்மாட்டைச் சொன்னது நான்தான்."

"தெரியும். வேறை ஆர்?"

"சொல்லமாட்டன் எண்டு உங்களுக்குத் தலையாட்டினனான்."

"ஒன்பது வயசு," என்றார் மச்சாள். பிறகு, "அதுக்குப் பிறகு என்னைக் கேட்டு வந்த ஆக்களுக்கெல்லாம் நானே முதலிலை சொன்னனான், சின்னனிலை வலிப்பு வந்தது, இப்ப இல்லையெண்டு. இன்னொரு கடிதம் போறதுக்கு முதல் நானே சொல்லிவிடுவமெண்டு. ஒருத்தரும் திரும்பி வரேல்லை" என்றார். அதைச் சொல்லிவிட்டு உறையைத் திரும்ப வாங்கிக்கொண்டு உள்ளே போனார். தேத்தண்ணி போட்டுக்கொண்டு வந்தார். குடித்தேன். போகும்போது, அடுத்த சனி வா என்றோ வராதே என்றோ அவர் சொல்லவில்லை. நான் போனேன். இப்போதும் போகிறேன். முந்திய மாதிரிக் கதை ஓடுவதில்லை. சில நேரம் அரை மணித்தியாலம் ஒன்றும் பேசாமல் இருந்துவிட்டு வருவேன்.

அம்மா நாடகம் பார்ப்பதை விட்டுவிட்டார். ஏழரைக்குத் தொலைக்காட்சியைப் போடமாட்டார். நான் போட்டாலும் எழுந்து போய்விடுவார். மாமி தன் வீட்டில் பார்ப்பதாக மச்சாள் சொன்னார், ஆனால் சத்தமில்லாமல் படத்தை மட்டும் பார்ப்பாராம்.

மூன்றாவது கிழமை, ஒரு வெள்ளிக்கிழமைப் பின்னேரம், மாமி தனியாக ஓட்டோவில் வந்து இறங்கினார். நான் அரை நாள் லீவில் நின்றேன். அம்மா விறாந்தையில் சுளகை மடியில் வைத்து முருங்கையிலை உருவிக்கொண்டிருந்தார். மாமியைக் கண்டும் எழும்பவில்லை. மாமி கேட்காமலே எதிர்க் கதிரையில் இருந்தார். மாமி திட்டப்போகிறார் என்று நினைத்தேன், ஒருவேளை மண் அள்ளித் தூற்றவும் கூடும். அதற்கு நான் தயாராகவும் நின்றேன்.

மாமி குனிந்து ஒரு முருங்கைக் கொப்பை எடுத்தார். உருவத் தொடங்கினார். கனநேரம் இருவரும் உருவினார்கள்.

"அந்தப் பிள்ளைக்கு என்ன பேர் வைச்சனீ?" என்று கேட்டார் மாமி.

அம்மாவின் கை நின்றது. "முப்பத்தொராம் நாள் வைக்கிறதெண்டு இருந்தது."

"நினைச்சு வைச்ச பேர் ஒண்டு இருந்திருக்குமெல்லோ."

அம்மா சுளகைப் பார்த்துக்கொண்டு இருந்தார். பிறகு ஒரு பெயரைச் சொன்னார். ஆண்பிள்ளைப் பெயர், இரண்டு எழுத்தில் முடிகிற சின்னப் பெயர். முப்பது வருடத்துக்கு மேல் நான் அந்தப் பிள்ளையின் தமக்கையாக இருந்திருக்கிறேன். அப்படி ஒரு பெயர் இருந்தது எனக்குத் தெரியாது. கேட்கவேண்டும் என்று ஒருநாளும் தோன்றியதில்லை.

மாமி அந்தப் பெயரை வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். "நல்ல பேர்," என்றார்.

அம்மா அடுத்த கொப்பை எடுத்தார்.

"பூட்டிக் கிடந்த அந்த அறைக்கை நெல்லு மூட்டைதான் கிடந்தது தங்கச்சி. தூக்கி வெளியிலை வைச்சிருக்கலாம்."

"ஓம்," என்றார் அம்மா.

அவ்வளவுதான். கட்டிப்பிடித்து அழவில்லை, மன்னிப்பு என்ற சொல்லை இருவரில் ஒருவரும் வாயில் எடுக்கவில்லை. மகளைப் பற்றி மாமி கதைக்கவே இல்லை. அதை அவர் மன்னிக்கவில்லை என்றுதான் நினைக்கிறேன், இனியும் மன்னிப்பார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. இலை முழுவதையும் உருவி முடிக்கும்வரை இருந்தார்.

படலைக்கு வெளியே ஸ்கூட்டர் ஹோர்ன் கேட்டது. மச்சாள் பள்ளிக்கூடம் முடிந்து வந்திருந்தார். உள்ளே வரவில்லை. இன்றுவரை எங்கள் வீட்டுக்குள் அவர் வரவில்லை. மாமி என் தோளைப் பிடித்துக்கொண்டு மெதுவாகப் படலைவரை நடந்தார். பாதி வழியில் நின்று, என்னிடம் கேட்டார்.

"அந்தப் பேர் உனக்கு முதலே தெரியுமோ?"

"இல்லை மாமி."

"எனக்கு மட்டும்தான் சொல்லேல்லை எண்டு இவ்வளவு நாளும் நினைச்சுக்கொண்டிருந்தன்," என்றார் மாமி.